அம்மாவோட இடுப்பு வலி ஆபரேஷன் இல்லாம சரியாகுமா?

நீங்க எழுதினதை ஒருதடவை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடுறேன். அம்மாவுக்கு 54 வயசு, எட்டு மாசமா வலது பக்க இடுப்புல வலி, அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா தூக்கம் கலைஞ்சுடுது, படி ஏறினா அதிகமாகுது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல லேப்ரம் (இடுப்பு மூட்டுக் கிண்ணத்தோட விளிம்பு) கிழிஞ்சிருக்கு, மூட்டுல லேசா தேய்மானம், கூடவே பர்சைட்டிஸ் (நீர்ப்பை வீக்கம்)னு மூணு விஷயம் போட்டிருக்காங்க. ஒரு டாக்டர் ஆபரேஷன்னு சொல்றார், இன்னொருத்தர் ஊசி போட்டுப் பாக்கலாம்னு சொல்றார், நீங்க ஆபரேஷன் இல்லாம சரியாகுமா, என்ன எக்சர்சைஸ் பண்ணலாம், ஆபரேஷன் எப்ப தேவைப்படும்னு கேக்குறீங்க. ஆனா அதுக்கு முன்னாடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு, ரிப்போர்ட்ல இருக்குற அந்த மூணுல எது அம்மாவை வலிக்க வைக்குது, இல்ல மூணுமே சும்மா கூட இருக்குற விஷயங்களா? இதுக்கு விடை தெரியாம ஆபரேஷனா ஊசியான்னு பேசவே முடியாது, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட், எலும்பு மூட்டு தசைப் பிரச்சனைகள்லதான் பல வருஷமா வேலை, அதுலயும் இடுப்பு வலிக்காரங்கதான் நிறைய. ஆபரேஷன் பண்றவன் இல்ல, மருந்து எழுதுறவனும் இல்ல, அதனால மருந்து பத்தி சொல்றதெல்லாம் டாக்டர்கிட்ட பேசுறதுக்கான விஷயமா எடுத்துக்கங்க. அம்மாவைத் தொட்டுப் பாக்காம நான் சொல்ற எதுவும் நோய் இதுதான்னு தீர்ப்பு ஆகாது. ஆனா எந்தப் பக்கம் யோசிக்கணும்னு சொல்ல முடியும்.

முதல்ல சில விஷயங்கள் இல்லைன்னு உறுதி பண்ணிக்கங்க, இருந்தா மிச்சத்தைப் படிக்கிறதை விட்டுட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க. காய்ச்சலோட சேர்ந்து மூட்டை அசைக்கவே முடியாத வலி, அது மூட்டுக்குள்ள சீழ் பிடிச்சதா இருக்கலாம், சில மணி நேரத்துல பாக்க வேண்டிய விஷயம். விழுந்ததுக்கு அப்புறம் அந்தக் கால்ல எடை போட முடியலைன்னா, முதல் எக்ஸ்ரே நார்மல்னு வந்தாலும் எலும்பு முறிவு இல்லைன்னு அர்த்தம் இல்ல, வயசானவங்களுக்கு மெல்லிய விரிசல் எக்ஸ்ரேல தெரியாம எம்ஆர்ஐல மட்டும் தெரியுறது உண்டு. முன்னாடி கேன்சர் வந்தவங்க, காரணமில்லாம எடை குறையறவங்க, எந்தப் பக்கம் எப்படிப் படுத்தாலும் ராத்திரி முழுக்க விடாம வலிக்கிறவங்க, இவங்களும் தள்ளிப் போடக்கூடாது. இடுப்பு வலியோட மூத்திரம் போக முடியாம அடைச்சுக்கறது, ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுத்தி மரத்துப் போறது, ரெண்டு காலும் பலவீனமாகுறது இதெல்லாம் முதுகுத்தண்டு நரம்புக் கத்தை நசுங்குறதோட அறிகுறி, அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போகணும். உங்க அம்மா விஷயத்துல நீங்க எழுதினதுல இது எதுவும் இல்ல, ஆனா கேட்டு உறுதி பண்ணுங்க, மூத்திரம் பத்தியெல்லாம் அம்மாக்கள் பிள்ளைங்ககிட்ட தானா சொல்ல மாட்டாங்க.

இப்ப அம்மாகிட்ட ஒரே ஒரு விஷயம் கேளுங்க, எங்க வலிக்குதுன்னு ஒரு விரலால தொட்டுக் காட்டச் சொல்லுங்க. நான் எம்ஆர்ஐ கவரைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைத்தான் கேப்பேன், ஏன்னா கை போற இடம் முன்பக்கமா தொடை இடுக்கா, பக்கவாட்டுல துருத்திக்கிட்டு இருக்குற எலும்பு மேலயா, இல்ல பின்பக்கம் புட்டத்துலயா அப்படிங்கிறதை வச்சே பாதி விஷயம் பிரிஞ்சுடும். நிறைய பேருக்கு இது தெரியாது, நிஜமான இடுப்பு மூட்டு இருக்குறது பக்கவாட்டுல இல்ல, தொடை இடுக்குக்குப் பின்னாடி ஆழத்துல இருக்கு. அதனால மூட்டுலேர்ந்து வர்ற வலி பெரும்பாலும் முன்னாடி தொடை இடுக்குல தெரியும், சில பேருக்கு தொடை வழியா முழங்கால் வரைக்கும் இறங்கும், சில பேருக்கு முழங்கால்ல மட்டும்தான் வலியே இருக்கும். முழங்காலுக்கு மாசக்கணக்குல வைத்தியம் பாத்துட்டு கடைசில எக்ஸ்ரே எடுத்தா இடுப்பு மூட்டு தேஞ்சு போயிருக்குன்னு தெரியுறவங்க உண்டு, ரெண்டுக்கும் பொதுவான நரம்பு இருக்குறதால மூளைக்கு இடம் சரியா புரியுறதில்ல.

முன்பக்கம் காட்டினா யோசிக்கிற முதல் காரணம் 45, 50 தாண்டினவங்களுக்கு தேய்மானம்தான். அதோட குணம் தெளிவா இருக்கும், சாக்ஸ் போட, கால் நகம் வெட்ட குனிய முடியாது, கார்ல ஏறி இறங்க கஷ்டம், உக்காந்து எழுந்ததும் முதல் நாலஞ்சு அடி விறைப்பா இருந்து அப்புறம் விடும், காலைல விறைப்பு இருந்தா அரை மணி நேரத்துக்குள்ள போயிடும். மல்லாக்கப் படுக்க வச்சு முழங்காலை மடக்கி காலை உள்பக்கமா திருப்பினா, நல்ல பக்கத்தை விட இந்தப் பக்கம் கம்மியா திரும்பும், அப்ப வலியும் அந்தத் தொடை இடுக்குலயே வரும். இந்த மாதிரி இருந்தா தேய்மானம்னு சொல்ல ஸ்கேனே தேவையில்லைன்னு இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு 2022ல வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்லுது. இளவயசுக்காரங்களுக்கு, குறிப்பா விளையாடுறவங்களுக்கு, தொடை எலும்போட தலையும் கிண்ணமும் சரியா பொருந்தாம இடிச்சுக்கறதும் அதனால லேப்ரம்ங்கிற விளிம்பு கிழியறதும் வரும், ஆழமா குந்தினா, ரொம்ப நேரம் தாழ்வா உக்காந்தா வலிக்கும். இன்னொண்ணு கண்டிப்பா சொல்லணும், ரத்த ஓட்டம் குறைஞ்சு எலும்புத் தலை செத்துப் போறது, ஏவிஎன்னு சொல்வாங்க. ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவுல எடுத்தவங்க, அதிகமா குடிக்கிறவங்க, சிக்கிள் செல் ரத்தநோய் உள்ளவங்க, இவங்களுக்கு 30, 40 வயசுல தொடை இடுக்கு வலி வந்து எக்ஸ்ரே நார்மல்னு சொன்னா அதோட விட்டுடக்கூடாது, ஆரம்ப நிலையில எம்ஆர்ஐல மட்டும்தான் தெரியும், ரெண்டு பக்கமும் வர வாய்ப்பு அதிகம், இது எக்சர்சைஸால சரி பண்ற விஷயம் இல்ல. நிறைய ஓடுறவங்களுக்கு, எலும்பு அடர்த்தி கம்மியானவங்களுக்கு தொடை எலும்புக் கழுத்துல களைப்பு விரிசல் வரும், அதையும் தசைப் பிடிப்புன்னு நினைச்சு ஓடிக்கிட்டே இருந்தா முழுசா முறிஞ்சுடும். குழந்தை நொண்டினாலும், பத்து பன்னெண்டு வயசுப் பிள்ளை முழங்கால் வலின்னு சொல்லி நொண்டினாலும் இடுப்பு மூட்டைப் பாக்காம அனுப்பக்கூடாது. தொடை இடுக்குல ஹெர்னியா, சிறுநீரகக் கல் இதெல்லாமும் அதே இடத்துல வலிக்கும்.

பின்பக்கம் காட்டினா பெரும்பாலும் ஆரம்பம் கீழ்முதுகுலேர்ந்துதான், டிஸ்க் அழுத்துற நரம்பு வலி முழங்காலைத் தாண்டிக் கீழ போகும், கால்ல எரிச்சலோ மரப்போ இருக்கும். முதுகும் புட்டமும் சேர்ற இடத்துல, கீழ்முதுகு ஓரத்துல ஒரு சின்னக் குழி மாதிரி இருக்குமே அந்த இடத்தையே ஒரு விரலால திரும்பத் திரும்பக் காட்டினா சேக்ரோ இலியாக் மூட்டை யோசிக்கணும். இது பத்தி ஒரு விஷயம் ரொம்ப வருத்தத்தோட சொல்றேன், இந்த மூட்டு நகந்து போச்சு, தள்ளிப் போச்சு, நான் ஏத்தி விடுறேன்னு சொல்லி வாராவாரம் வரவழைக்கிறவங்க இருக்காங்க. அந்த மூட்டு நகருறதே ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர், ஒரு சில டிகிரி, விழுந்து பெரிய விபத்துல இடுப்பெலும்பு உடைஞ்சா ஒழிய அது சும்மா தள்ளிப் போறதில்ல, கையால தொட்டு அது நகந்திருக்குன்னு கண்டுபிடிக்கவும் முடியாது. கையால பிடிச்சு விட்டா கொஞ்ச நேரம் சுகமா இருக்கும், அது உண்மை, ஆனா அந்தச் சுகம் எலும்பு ஏறினதால வந்தது இல்ல. அதே இடத்துல 45 வயசுக்குள்ள உள்ளவங்களுக்கு மாசக்கணக்குல வலி, காலைல அரை மணிக்கு மேல விறைப்பு, ராத்திரி பின்பாதில முழிப்பு வந்துடுது, ஓய்வெடுத்தா அதிகம் நடந்தா கம்மின்னா, அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை வாத நோயா இருக்கலாம், அதுக்கு ருமட்டாலஜிஸ்ட், அதாவது வாத நோய் டாக்டர்தான், அதுக்குன்னு நல்ல மருந்துகள் இருக்கு, வருஷக்கணக்குல வெறும் முதுகு வலின்னு காலம் கடத்துறதுதான் கொடுமை. உக்காரும்போது அழுத்துற எலும்பு மேல மட்டும் வலின்னா தொடைப் பின்தசை நாண் (தசையை எலும்போட சேக்குற கயிறு மாதிரியான பகுதி), அதை இழுத்து இழுத்து ஸ்ட்ரெட்ச் பண்ணினா பெரும்பாலும் இன்னும் கிளம்பும்.

பக்கவாட்டுக்கு வருவோம், ஏன்னா நீங்க சொன்னதை வச்சுப் பாத்தா அம்மாவோட விரல் அங்கதான் போகும்னு நினைக்கிறேன். 40லேர்ந்து 60 வயசுப் பெண்களுக்கு, முக்கியமா மாதவிடாய் நிக்கிற காலத்தை ஒட்டி, பக்கவாட்டு எலும்பு மேல வர்ற வலி ரொம்பப் பரவலா இருக்கு. அந்தப் பக்கம் படுக்க முடியாது, நல்ல பக்கம் படுத்தாலும் சில நேரம் வலிக்கும், படி ஏறினா, ஒரு கால்ல நின்னு உடை மாத்தினா, ரொம்ப நேரம் உக்காந்து எழுந்தா வலிக்கும், தொடையோட வெளிப்பக்கமா முழங்கால் வரைக்கும்கூட இறங்கும், ஆனா சாக்ஸ் போட கஷ்டம் இருக்காது. இதைப் பல வருஷம் பர்சைட்டிஸ், அதாவது எலும்புக்கும் நாணுக்கும் நடுவுல இருக்குற நீர்ப்பை வீக்கம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இப்ப நல்லாவே தெரிஞ்சுபோச்சு, பெரும்பாலானவங்களுக்கு முக்கியப் பிரச்சனை குளூட்டியஸ் மீடியஸ், மினிமஸ்னு ரெண்டு தசைகள் அந்த எலும்புல வந்து ஒட்டுற நாண்ல இருக்கு, நீர்ப்பை வீக்கம் இருந்தாலும் கூட வர்றதுதான். நாம ஒவ்வொரு அடி எடுத்து வைக்கிறப்பவும் ஒரு காலைத் தூக்கும்போது இடுப்பு அந்தப் பக்கம் சரியாம பிடிச்சு நிறுத்துறது இந்தத் தசைங்கதான். வீட்டுல ஒரு சோதனை பண்ணிப் பாருங்க, பக்கத்துல சுவரைத் தொட்டுக்கிட்டு வலிக்கிற கால்ல மட்டும் முப்பது செகண்ட் நிக்கச் சொல்லுங்க, அந்தப் பக்கவாட்டு வலியே கிளம்பினா, அந்த எலும்பை அழுத்தினா துடிச்சா, இதுவா இருக்க நல்ல வாய்ப்பு. விழுந்துடாம பாத்துக்கங்க.

அப்ப அந்த லேப்ரம் கிழிசல்? இடுப்பு வலியே இல்லாத ஆளுங்களைப் பிடிச்சு எம்ஆர்ஐ எடுத்தாலும் அதுல கணிசமான பேருக்கு லேப்ரம் கிழிசல் தெரியும், வயசு ஏற ஏற இது இன்னும் அதிகம், லேசான தேய்மானமும் அப்படித்தான். ரிப்போர்ட் எழுதுறவங்க கண்ல பட்டதை எல்லாம் எழுதணும், அது அவங்க வேலை, ஆனா அதுல எது வலிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது, தெரியவும் முடியாது. அம்மாவுக்குத் தொடை இடுக்குல வலியே இல்ல, காலை உள்பக்கம் திருப்பினா வலிக்கலன்னா அந்தக் கிழிசலைத் தைக்கிறதால பக்கவாட்டு வலி போகாது, அதை உறுதியாவே சொல்றேன். சந்தேகமாவே இருந்தா ஒரு வழி இருக்கு, மூட்டுக்குள்ள மரத்துப் போற மருந்தை ஸ்கேன் பாத்துக்கிட்டே போடுவாங்க, அடுத்த சில மணி நேரம் வழக்கமா வலிக்கிற வேலையெல்லாம் செஞ்சு பாத்து வலி போயிருந்தா வலி மூட்டுக்குள்ளேர்ந்துதான், போகலைன்னா வேற இடம். ஆபரேஷன்னு சொன்ன டாக்டர்கிட்ட இதைக் கேக்கலாம், தப்பா எடுத்துக்க மாட்டாங்க. இன்னொண்ணு, எலும்பு இடிக்கிறதுக்குப் பண்ற சாவித்துளை ஆபரேஷன் பத்தி 2018ல இங்கிலாந்துல 348 பேரை வச்சு நடந்த பெரிய ஆய்வுல ஆபரேஷன் பண்ணினவங்க, பிசியோ மட்டும் எடுத்தவங்க ரெண்டு குரூப்புமே முன்னேறினாங்க, ஆபரேஷன் குரூப் கொஞ்சம் கூடுதலா முன்னேறினாங்க, ஆனா அவங்க எல்லாரும் எலும்பு இடிக்கிற பிரச்சனை உள்ளவங்க, பெரும்பாலும் இளவயசுக்காரங்க. தேய்மானம் ஆரம்பிச்ச 50 வயசு மூட்டுல அந்தச் சாவித்துளை ஆபரேஷன் அவ்வளவு நல்ல பலன் தர்றதில்ல.

சரி, பக்கவாட்டு நாண் வலிதான்னு வச்சுக்கிட்டா என்ன பண்றது. இதுல எனக்கு நம்பிக்கை அதிகம், காரணம் என் அனுபவம் மட்டும் இல்ல. 2018ல ஆஸ்திரேலியால இதே பிரச்சனை உள்ள 204 பேரை மூணாப் பிரிச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, ஒரு குரூப்புக்கு விளக்கமும் எக்சர்சைஸும், ஒரு குரூப்புக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி, ஒரு குரூப் சும்மா காத்திருந்தாங்க. எட்டு வாரத்துல நல்லா முன்னேறிட்டோம்னு சொன்னவங்க எக்சர்சைஸ் குரூப்ல 77 சதவீதம், ஊசி குரூப்ல 58, காத்திருந்தவங்கள்ல 29. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா எக்சர்சைஸ் 78 சதவீதத்துக்கிட்ட நின்னுச்சு, ஊசி அதே 58, சும்மா இருந்தவங்களும் 52 வரைக்கும் வந்துட்டாங்க. அதாவது ஊசி வேஸ்ட் இல்ல, முதல் சில வாரத்துக்கு உதவுது, ஆனா ஒரு வருஷக் கணக்குல சும்மா இருந்ததுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அதனால நான் சொல்றது, ராத்திரி தூக்கமே இல்லாம எக்சர்சைஸ் பண்ணவே முடியாத அளவு வலி இருந்தா ஒரு ஊசி போட்டு அந்த இடைவெளில தசையை வலுப்படுத்த ஆரம்பிக்கலாம், ஊசியை மட்டும் போட்டுட்டு உக்காந்துட்டா வலி திரும்ப வர வாய்ப்பு நிறைய, திரும்பத் திரும்பப் போடுறது நாணுக்கு நல்லதும் இல்ல.

அந்த ஆய்வுல விளக்கம்னு சொன்னது சாதாரணமா தெரியும், ஆனா பாதி பலன் அதுலதான்னு நான் நம்புறேன். நாண் எலும்பு மேல அழுந்துறதுதான் இங்க வில்லன், அது எப்ப அழுந்தும்னா கால் நடுக்கோட்டைத் தாண்டி உள்பக்கம் போகும்போது. கால் மேல கால் போட்டு உக்காருறது, நிக்கும்போது ஒரு பக்க இடுப்பைத் தள்ளிக்கிட்டு ஒரு கால்ல சாஞ்சு நிக்கிறது, முழங்கால் ரெண்டும் ஒட்டின மாதிரி தாழ்வா உக்காருறது, நல்ல பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கும்போது மேல்கால் முன்னாடி தொங்குறது, இதெல்லாம் நிறுத்தணும். படுக்கும்போது ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல மட்டும் இல்ல, கணுக்கால் வரைக்கும் தாங்குற மாதிரி கெட்டித் தலையணை வைக்கணும், இல்ல மல்லாக்கப் படுத்து முழங்காலுக்குக் கீழ ஒரு தலையணை. எல்லாரும் சொல்ற அந்த வெளித்தொடை ஸ்ட்ரெட்ச், காலைக் குறுக்கே இழுத்துப் பிடிக்கிறது, இந்த வலிக்கு அதைச் செய்யாதீங்க, அது நாணை இன்னும் எலும்பு மேல அழுத்துது. படிக்கட்டுல கொஞ்ச நாள் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறட்டும், நடையை முழுசா நிறுத்த வேண்டாம், தூரத்தைக் குறைச்சு அடிக்கடி நடக்கட்டும்.

எக்சர்சைஸ் மெதுவா ஆரம்பிக்கணும். முதல் ரெண்டு வாரம், மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, தொடை ரெண்டையும் சுத்தி ஒரு துணியோ பெல்டோ கட்டிட்டு, காலை அகட்டப் போற மாதிரி மெல்ல வெளிப்பக்கம் அழுத்தணும், கால் நகரக்கூடாது, பத்துப் பதினஞ்சு செகண்ட் பிடிச்சு விடணும், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. அதோட அதே மாதிரி படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குறது, நாற்காலியில இருந்து கை ஊனாம மெதுவா எழுந்து உக்காருறது. இது வலியில்லாம வந்ததும் எழுந்து உக்காரும்போது எடையை வலிக்கிற கால் பக்கம் கொஞ்சம் கூட்டுறது, ஒத்தைக் கால்ல இடுப்பு தூக்குறது, ரப்பர் பேண்ட் போட்டுப் பக்கவாட்டுல அடி எடுத்து வைக்கிறது, கடைசில சின்னப் படியில ஏறி இறங்குறது, அப்ப இடுப்பு ஒரு பக்கம் சரியக்கூடாது, அதுதான் இங்க பாக்க வேண்டியது. பண்ணும்போது பத்துக்கு மூணு நாலு அளவு வலி இருந்தா பரவாயில்ல, ஆனா அன்னைக்கு ராத்திரி வலி கூடினாலோ மறுநாள் காலைல முன்னைவிட மோசமா இருந்தாலோ நேத்துப் பண்ணினது அதிகம், குறைச்சுக்கங்க, நிறுத்திடாதீங்க. நாண் மெதுவாத்தான் பழகும், எட்டு வாரத்துக்கு முன்னாடி பலன் இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க, நல்லா சரியாக மூணு மாசம், சிலருக்கு ஆறு மாசமும் ஆகும். என்கிட்ட வர்றவங்கள்ல பாதியில விட்டவங்க பெரும்பாலும் மூணாவது நாலாவது வாரத்துலதான் விடுறாங்க, கொஞ்சம் கம்மியானதும் விடுறவங்களும் சரி, ஒரு நாள் கூடினதும் பயந்து விடுறவங்களும் சரி.

ஒருவேளை அம்மா தொடை இடுக்கைக் காட்டினா, அதாவது தேய்மானம்தான் வலிக்குதுன்னா, அப்பவும் முதல்ல எக்சர்சைஸ்தான், ஆனா எதிர்பார்ப்பை ஒழுங்கா வச்சுக்கங்க. வலியும் நடமாட்டமும் கொஞ்சம் முன்னேறும், தேஞ்சது திரும்ப வளராது. ஒத்தைக் கால்ல நிக்கும்போது இடுப்பு மூட்டுல விழுற சுமை உடல் எடையைப் போல ரெண்டரை மூணு மடங்கு, ஏன்னா உடம்போட எடையோட தசைங்க இழுக்குற விசையும் சேருது, அதனால அஞ்சு கிலோ குறைஞ்சாலும் ஒவ்வொரு அடிக்கும் மூட்டுக்குப் பன்னெண்டு பதினஞ்சு கிலோ குறையுது. கைத்தடியை வலிக்கிற பக்கம் பிடிக்கிறவங்கதான் அதிகம், அது தப்பு, வலது இடுப்பு வலின்னா தடி இடது கைல, வலது காலோட சேர்ந்து தடி முன்னாடி போகணும், நேரா நின்னா தடியோட கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துல இருக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டு தடி வேண்டாம்னு சொல்லி நடையையே குறைச்சுடுறாங்க, அதுதான் தசையைக் கரைக்குது.

மாத்திரை விஷயத்துல, பாராசிட்டமால் தேய்மான வலிக்குப் பெருசா வேலை செய்யறதில்ல. ஐபுப்ரோஃபென் வகை வேலை செய்யும், ஆனா வயித்துப்புண், சிறுநீரகப் பிரச்சனை, பிபி, இதய நோய், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறவங்க இவங்களுக்கு ஆபத்து, டாக்டரைக் கேட்டு குறைஞ்ச அளவு குறைஞ்ச நாள். தடவுற ஜெல் முழங்காலுக்கு உதவும், இடுப்பு மூட்டு அவ்வளவு ஆழத்துல இருக்குறதால அங்க போய்ச் சேராது. மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துலேர்ந்து ரெண்டு மூணு மாசம் வரைக்கும் வலியைக் குறைக்கலாம், கண்ணை மூடிக் குத்துற இடம் இல்ல இது, அல்ட்ராசவுண்டோ எக்ஸ்ரேயோ பாத்துத்தான் போடணும், போட்ட மூணு மாசத்துக்குள்ள மூட்டு மாற்று ஆபரேஷன் பண்ணினா கிருமித் தொற்று அபாயம் கூடுது, அதனால ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா ஊசி வேண்டாம்.

இனிமே சொல்றது நிச்சயம் குறைவான பகுதி. ஜெல்லி ஊசின்னு சொல்ற ஹைலூரானிக் ஆசிட், குளுக்கோசமின் மாத்திரை, இந்த ரெண்டையும் இடுப்புத் தேய்மானத்துக்குப் போட வேண்டாம்னு அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 2019ல தெளிவாவே சொல்லிடுச்சு, தேய்மானத்துக்கு பிஆர்பிங்கிற ரத்தத் தட்டணு ஊசியையும் அதே மாதிரி வேண்டாம்னுதான் சொல்றாங்க, மருந்து தயாரிப்பு முறையே ஆளுக்கு ஆள் மாறுறதால. பக்கவாட்டு நாண் வலிக்கு பிஆர்பி ஆய்வு முடிவுகள் முன்னுக்குப் பின் முரணா இருக்கு, சில ஆய்வுல உதவுது சிலதுல இல்ல. ஷாக்வேவ் (அதிர்வலை) சிகிச்சை அதே நாண் வலிக்கு ஓரளவு உதவுதுன்னு ஆய்வுகள் இருக்கு, எக்சர்சைஸோட சேத்துப் பண்ணலாம், அதுக்குப் பதிலா இல்ல. மசாஜ், ஒத்தடம், டேப் ஒட்டுறது இதெல்லாம் அன்னைக்குச் சுகம் தரும், கெடுதல் இல்ல, அதோட நின்னுடக்கூடாது. உங்க அம்மாவுக்கு எது கேக்கும்னு முன்கூட்டியே சொல்ற சோதனை எதுவும் என்கிட்ட இல்ல, ஆரம்பிச்சு எட்டு வாரம் கழிச்சுப் பாத்து மாத்துறதுதான் நடைமுறை.

நீங்க கேக்கல, ஆனா இதே மாதிரி இடுப்பு வலின்னு சொல்லிக்கிட்டு வர்ற நிறைய பேருக்கு உண்மையில வலி இன்னும் உள்ள, அடிவயித்துக்கும் தொடைகளுக்கும் நடுவுல இருக்கு, அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவாங்க, அதனால எழுதுறேன். கர்ப்ப காலத்துல அஞ்சுல ஒருத்தருக்கு முன்பக்க எலும்புச் சேர்க்கைலயோ பின்பக்கமோ வலி வருது, இது குழந்தைக்குக் கெடுதல் இல்ல, பெரும்பாலும் பிரசவத்துக்கு அப்புறம் போயிடும், படுக்கையில திரும்பும்போது முழங்காலை ஒட்ட வச்சுத் திரும்புறது, உக்காந்தே உடை மாத்துறது, இடுப்பு பெல்ட், இதெல்லாம் நல்லாவே உதவும், சகிச்சுக்கணும்னு இல்ல. மாதவிடாயோட சேர்ந்து கூடுற வலி, உடலுறவுல வலி, மலம் கழிக்கும்போது வலி இருந்தா எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு மாதிரியான திசு கருப்பைக்கு வெளிய வளர்றது) யோசிக்கணும், குழந்தை பெறும் வயசுப் பெண்கள்ல பத்துல ஒருத்தருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, மாதவிடாய்னா வலிக்கத்தான் செய்யும்னு சொல்லி வருஷங்கள் போயிடுது. கர்ப்பமா இருக்க வாய்ப்புள்ளவங்களுக்கு ஒரு பக்கம் திடீர்னு கடுமையா வலிச்சா அது எமர்ஜென்சி. ஆண்களுக்கு ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவுல மாசக்கணக்கா வலி, புராஸ்டேட் வீக்கம்னு திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் கொடுப்பாங்க, கிருமியே இல்லாத கேஸ்தான் அதுல அதிகம். ஆணோ பெண்ணோ, இடுப்புத்தளத் தசைங்க (மூத்திரப்பை, குடலைக் கீழேர்ந்து தாங்குற தசைங்க) எப்பவும் இறுகியே இருக்குறதால வர்ற வலி நிறைய உண்டு, அவங்க இணையத்துல பாத்துட்டு கீகல்ங்கிற, அந்தத் தசையை இறுக்குற பயிற்சி பண்ணி இன்னும் இறுக்கிக்கிட்டு வருவாங்க. இறுகின தசைக்குத் தேவை தளர்த்துற பயிற்சி, வயிறு விரிய ஆழமா மூச்சு விடுறது, அதுக்குன்னு பயிற்சி எடுத்த இடுப்புத்தள பிசியோகிட்ட போகணும், என் அளவுலயே அதுக்கு நான் வேற ஆள்கிட்டதான் அனுப்புவேன்.

ஆபரேஷன் எப்பன்னும் கேட்டிருக்கீங்க, அதுக்கு நான் எதிரி இல்ல. மூட்டு நல்லாவே தேஞ்சு, ஒழுங்கா மூணு மாசத்துக்கு மேல எக்சர்சைஸ், எடை, மருந்தெல்லாம் பாத்தும் தூக்கமும் நடையும் கெட்டுப் போயிருந்தா இடுப்பு மூட்டு மாற்று ரொம்ப நல்ல பலன் தர்ற ஆபரேஷன், அதைப் பயந்து பத்து வருஷம் தள்ளிப் போடுறதும் தப்புதான், தசையெல்லாம் கரைஞ்சு போனப்புறம் பண்ணினா தேறவும் நாளாகும். நாண் முழுசா அறுந்து நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிஞ்சு விழுதுன்னா அதுக்கும் சர்ஜன் பாக்கணும், எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல குளூட்டியஸ் நாண் பத்தி என்ன எழுதியிருக்குன்னு ஒருதடவை பாருங்க, நீங்க அனுப்பினதுல அந்த வரி இல்ல. அந்த நாண் முழுசா அறுந்து போகலைன்னா, விரல் போற இடம் பக்கவாட்டுதான்னா, இப்போதைக்கு ஆபரேஷன் தேதி குறிக்க வேண்டாம்னுதான் நான் சொல்வேன். இன்னைக்கு ராத்திரியே அந்தத் தலையணையை முழங்கால்லேர்ந்து கணுக்கால் வரைக்கும் வச்சுப் படுக்கச் சொல்லுங்க, பக்கத்துல ஒரு பிசியோகிட்ட நேர்ல காட்டி எக்சர்சைஸ் சரியா பண்றாங்களான்னு பாத்துக்கங்க. விரல் வைக்கிற இடம், ஒத்தைக் கால்ல நின்னப்ப என்ன ஆச்சு, ரிப்போர்ட்ல அந்த நாண் பத்தின வரி, இந்த மூணையும் எழுதினீங்கன்னா இன்னும் குறிப்பா சொல்ல முடியும்.